வாடைக் காலத்தில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுதல்

வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து, பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் படகுகள் கரையேறும் நாட்களே படகின் பின்புறத்தில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்ட ஏற்றவை. பிஸ்டன் சிலிண்டருக்குள் சிக்கி இறுகிப்போன எஞ்சினுக்குப் புதிய பிஸ்டனும் அதைச் சுற்றியிருக்கும் றிங்கும் போட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், அது ஏன் இறுகியது என்று அறியாமல் பூட்டினால், புதிய பிஸ்டனும் அதே காரணத்தால் அழியும்.

ஆகவே, கழற்றிய பிஸ்டனை எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாச் சிலிண்டர்களிலும் ஒரே மாதிரியான உரசல் இருந்தால், எண்ணெய்க் கலவையையோ குளிர்நீர் ஓட்டத்தையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால், அதற்கு எரிபொருள் போதாமல் போயிருக்கலாம், அல்லது கிராங் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் கிராங் சீல் தேய்ந்து காற்று புகுந்திருக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை, கிராங் தண்டு இருக்கும் அறையான கிராங் கேஸுக்குள் அமுக்கப்பட்ட பின்னரே சிலிண்டருக்கு ஏறுகிறது. எண்ணெயும் அதனுடனேயே வருகிறது. எனவே அங்கே சிறு கசிவு ஏற்பட்டாலும் கலவையில் எரிபொருள் குறைந்து பிஸ்டன் சூடேறும். சீல்கள் விலை குறைந்தவை. அவற்றைத் தவறாமல் மாற்றுவதே என் வழக்கம்.

உப்புப் பிடித்த போல்ட்டுகளைப் பலவந்தமாக முறுக்கினால் தலை முறிந்துவிடும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பழைய பிஸ்டனையே மீண்டும் போடுவதானால், றிங் பள்ளத்திலுள்ள கரியை முறிந்த பழைய றிங் துண்டால் மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம். புதிய றிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியைக் கைந்நூலிலுள்ள அளவுடன் ஒப்பிடுங்கள். பூட்டும்போது றிங்கின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சிறு ஊசியின் இரு பக்கமும் அமர வேண்டும். விலகினால் முனை சிலிண்டர் சுவரிலுள்ள துவாரத்தில் சிக்கி முறியும். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி இரண்டு சுற்றாக இறுக்குங்கள். தண்ணீர்ப் பம்பில் குளிர்நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

வழமையாக 50:1 கலவையில் ஓடும் பெற்றோல் எஞ்சினுக்கு 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் எண்ணெய் போதும். புதிதாகப் பூட்டியதற்கு, முதல் 10 மணித்தியாலம் வரை அதே 20 லீற்றருக்கு 800 மில்லிலீற்றர் கலந்து, முழு வேகம் கொடுக்காமல் ஓட்டுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குரிய கலவையைக் கைந்நூலில் பாருங்கள்.

கடலால் வந்ததும் நன்னீரில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினை நிறுத்துமுன் சில நிமிடங்கள் பெற்றோலில் ஓட்டினால், காபரேற்றரில் பெற்றோல் நின்று, மறுநாள் விடியற்காலை இலகுவாக ஸ்டார்ட் ஆகும்.