பாடமாக்கியது நிற்கவில்லையா? கொப்பியை மூடுங்கள்

கிளிநொச்சியில் ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு: "நேற்றுப் பாடமாக்கினது இன்றைக்கு ஞாபகமில்லை." உடனே மூளையைக் குறை சொல்ல வேண்டாம்.

ஞாபகம் ஒரே வகை அல்ல. இப்போதுதான் கேட்ட போன் நம்பர் குறுங்கால நினைவில் இருக்கும். சொல்லிப் பார்க்காவிட்டால் அரை நிமிடத்துக்குள் போய்விடும். பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803 இல் என்பது நீண்டகால நினைவில் தங்கும் தகவல். போன வருடம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு யாரோடு போனோம் என்பது அனுபவ நினைவு. சைக்கிள் ஓடுவது வேறு வகை, அது பழகித்தான் வரும். கணக்கும் பாதி அப்படித்தான். பார்த்துப் படித்தால் வராது, செய்ய வேண்டும்.

ஜேர்மனிய உளவியலாளரான எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கிச் சோதித்து, மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்று 1885 இல் காட்டினார். அதனால் பாடம் நடந்த அன்றிரவே கொப்பியை மூடிவைத்து, நினைவில் உள்ளதை வெறுந்தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து பார்த்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். அடுத்த நாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு கிழமை கழித்தும் இதையே செய்யுங்கள். நாலு தரம் வாசிப்பதைவிட இது நல்லாக நிற்கும். வாசிப்பு பல நேரம் தெரிந்த மாதிரி ஒரு மயக்கத்தைத்தான் தரும்.

அப்புறம், பரீட்சைக்கு முதல்நாள் விடிய விடிய முழித்திருக்க வேண்டாம். படித்தது மூளையில் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.