செடி பகலிலும் சுவாசிக்கும்: அறிவியல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"செடிகள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்." விடைத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் வரி இது. பாதி சரி என்பதால்தான் ஆபத்து. ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் வேண்டும், உண்மை. ஆனால் சுவாசித்தல் 24 மணி நேரமும் நடக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை வேகமாக நடப்பதால், செடி பயன்படுத்துவதைவிட அதிக ஆக்ஸிஜன் வெளியே வருகிறது. அதனால் சுவாசித்தல் நின்றுவிட்டதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகும்போது படகிலிருந்து சேற்றைப் பாருங்கள். வெண்கண்டல் மரத்தைச் சுற்றி, பென்சில்களை நட்டுவைத்தது போல வேர்கள் மேல்நோக்கி நிற்கும். சேற்றுக்குள் புதைந்த வேர்களுக்கு வெளிச்சம் இல்லை, ஒளிச்சேர்க்கையும் இல்லை. ஆனாலும் அந்த வேர்களின் உயிரணுக்களுக்கு ஆக்ஸிஜன் தேவை. நீர் தேங்கிய சேற்றில் அது கிடைப்பது அரிது. அதனால் சுவாச வேர்கள் மேலே வந்து, சிறு துளைகள் வழியாகக் காற்றை உள்ளே எடுக்கின்றன. தரைக்கு மேல் இதற்கென்றே வேர் வளர்க்கும் மரம், பகலில் சுவாசத்தை நிறுத்திவைக்குமா?

இதையொட்டி இன்னொரு பயம்: இரவில் அறைக்குள் செடி இருந்தால் மூச்சுத் திணறும் என்பது. ஒரு தொட்டிச்செடி விடும் கார்பன் டை ஆக்ஸைடு மிகக் குறைவு. பக்கத்தில் படுத்திருக்கும் தம்பி அதைவிட அதிகம் விடுகிறான்.

சரி, இயற்பியலுக்கு வருவோம். நிறையும் எடையும் ஒன்றல்ல. 50 கிலோகிராம் என்பது உங்கள் நிறை. நிலவுக்குப் போனாலும் அது மாறாது. எடை ஒரு விசை, நியூட்டனில் எழுத வேண்டும். பூமியில் 50 × 9.8 = 490 நியூட்டன். நிலவில் சுமார் 80 நியூட்டன்தான். கடையில் எடை என்று கிலோவில் கேட்பதில் தப்பில்லை, தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கடற்காற்றின் திசையைப் பலர் தலைகீழாக எழுதுகிறார்கள். மனப்பாடம் செய்வதால் வரும் வினை இது. தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், சுமார் 4,200 ஜூல். மணலுக்கு அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். எனவே பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் கடலைப் பார்த்து நின்றால் முகத்தில் படுவது அதுதான். இரவில் நிலம் முதலில் ஆறிவிடுவதால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். எந்தப் பக்கம் சூடோ அங்கே காற்று மேலே போகும் என்பதிலிருந்து தொடங்கினால் குழப்பமே வராது.

மீன் தண்ணீரைப் பிரித்து அதிலுள்ள ஆக்ஸிஜனை எடுப்பதாக எழுதாதீர்கள். நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத்தான் செவுள்கள் எடுக்கின்றன.

அப்புறம், தமனி என்றாலே ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் என்று எழுதுவது. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை. நுரையீரல் தமனியில் ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம்தான் ஓடுகிறது. பாடநூல் படத்தில் அந்த ரத்தத்துக்கு நீலம் தீட்டுவது அடையாளத்துக்காக மட்டுமே; நிஜத்தில் அதன் நிறம் அடர் சிவப்பு.