மேற்கோள் பகுப்பாய்வு செய்முறை: எண்ணுவது சுலபம், யாருடையது என்று பிரிப்பதுதான் வேலை

ஒரு சின்ன ஆய்வுக்குழு ஐந்து வருடத்தில் செய்த வேலையை மதிப்பிட வேண்டும், சைட்டேஷன் கணக்கு (அவர்கள் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்ற எண்ணிக்கை) எடுத்துக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பதினோரு நாள் ஆனது. அதில் ஒன்பது நாளைத் தின்றது ஒரே ஒரு படி, கீழே இரண்டாவதாக வருவது. முதல்முறை செய்கிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். டிஓஐ எண் என்றால் என்ன, எக்செல்லில் வரிசைப்படுத்துவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு தரவுத்தளம், ஒன்றே ஒன்று

கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், ஓப்பன்அலெக்ஸ் ஆகிய நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரைக்கு நான்கும் வெவ்வேறு எண் சொல்லும், ஏனென்றால் ஒவ்வொன்றும் எதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறது என்பது வேறு. ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, ப்ரீபிரிண்ட் (ஆய்விதழில் வரும் முன்பே இணையத்தில் போடும் வடிவம்) என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளும், அதனால் அதன் எண் பெரும்பாலும் மற்றவற்றைவிடப் பெரிதாக வரும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும், முழுதாகப் பயன்படுத்தச் சந்தா வேண்டும்.

நான் ஓப்பன்அலெக்ஸ் பக்கம். 2022இல் வந்தது, தரவு முழுக்கத் திறந்தது. நான் போட்ட கணக்கில் பெயர் இருக்கிறவர் நாளைக்கு அதைச் சரிபார்க்க நினைத்தால், அதே தரவைக் காசு கொடுக்காமல் எடுத்துப் பார்க்கலாம். ஒருவர் உழைப்பை எடைபோடும் எண்ணை அவரே திறந்து பார்க்க முடியாத பெட்டியிலிருந்து எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இல்லை, ஸ்காலர்தான் வேண்டும் என்றால் ஆன்-வில் ஹார்சிங் உருவாக்கிய பப்ளிஷ் ஆர் பெரிஷ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், பட்டியலை அப்படியே எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகத் தரும்.

கோப்பின் பெயரிலேயே இறக்கிய தேதியைப் போட்டுவிடுங்கள், அடுத்த வாரமே எண் மாறியிருக்கும்.

படி 2: இந்தக் கட்டுரை உண்மையிலேயே இவருடையதா

இங்கேதான் நான் மாட்டினேன். ஆசிரியர் பெயரைத் தட்டினோம், ப்ரொஃபைல் வந்தது, எச் இன்டெக்ஸ் (என்னவென்று கீழே சொல்கிறேன்) இருந்தது, எழுதிக்கொண்டோம் என்று முதல் நாள் போய்விட்டேன். அந்த ப்ரொஃபைலை உட்கார்ந்து தொகுத்தது மனிதர் இல்லை. பெயர், நிறுவனம், உடன் எழுதியவர்கள் ஆகியவற்றை வைத்து நிரல் ஊகித்துச் சேர்த்தது. தலைப்பெழுத்து ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரிவாக என்று இருந்தால் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். பொதுவான பெயராக இருந்தால் நான்கு பேர் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

ஒரு உதாரணம். ஆளைக் காட்டிவிடாமல் இருக்க எண்களை மாற்றியிருக்கிறேன், நடந்தது இதுதான். ஒருவருடைய ஒன்பது கட்டுரைகள் பெற்ற மேற்கோள்கள்:

42, 18, 11, 7, 6, 5, 4, 1, 0

எச் இன்டெக்ஸ் என்பது 2005இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் முன்வைத்த அளவு. மேற்கோள் எண்ணிக்கையை இறங்குவரிசையில் அடுக்கி 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுக்கொண்டே வாருங்கள். மேற்கோள் எண்ணிக்கை வரிசை எண்ணைவிடக் குறையாமல் இருக்கும் கடைசி இடம்தான் விடை. ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், சரி. ஆறாவதுக்கு 5தான், போதாது. ஆக, எச் = 5.

அப்புறம் தலைப்புகளைப் படித்தேன். 5 மேற்கோளும் 4 மேற்கோளும் பெற்ற இரண்டும் ஒரே கட்டுரை, ஒன்று ப்ரீபிரிண்ட், மற்றது ஆய்விதழில் வந்த வடிவம், தலைப்பில் இரண்டு சொல் மாறியதால் இரண்டாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து மேற்கோள் காட்டிய கட்டுரை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இணைத்தேன்:

42, 18, 11, 9, 7, 6, 1, 0

இப்போது எச் = 6. சந்தோஷமாக அறிக்கையில் எழுதி அனுப்பியும்விட்டேன். நான்கு நாள் கழித்து அந்த ஆய்வாளரே எழுதினார்: "11 மேற்கோள் இருக்கிற கட்டுரை என்னுடையதில்லை, அதே பெயரில் வேறொருவர் இருக்கிறார்." அதை நீக்கினால்:

42, 18, 9, 7, 6, 1, 0

எச் = 5. முதலில் வந்த அதே 5! ஆனால் அந்த ஐந்தில் ஒன்று வேறொருவருடைய உழைப்பு, இப்போதைய ஐந்தும் இவருடையது. மொத்த மேற்கோள் 94 இல்லை, 83. எண் மாறவில்லை என்பதால் பட்டியல் சரியாக இருந்தது என்று ஆகாது. இதை நேரில் பார்த்த பிறகு, பட்டியலைத் தலைப்பு தலைப்பாகப் படிக்காமல் ஒரு எண்ணையும் நான் எழுதுவதில்லை.

அதனால் வரிசை இப்படி: அவரிடம் ஆர்கிட் எண் (ஆய்வாளர்கள் பதிவுசெய்து வாங்கும் தனி அடையாள எண்) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இருந்தால் பாதி வேலை குறையும் (பாதிதான், பலர் ஆர்கிட் பக்கத்தைத் திறந்ததோடு நிறுத்தியிருப்பார்கள்). டிஓஐ வைத்து நகல்களை நீக்குங்கள். ப்ரீபிரிண்டுக்குத் தனி டிஓஐ இருக்கலாம் என்பதால் தலைப்பையும் கண்ணால் ஒப்பிடுங்கள். கடைசியாகப் பட்டியலை அவருக்கே அனுப்பிச் சரிபார்த்து வாங்குங்கள், அறிக்கை அனுப்பும் முன்பு, என்னைப் போல் பின்பு அல்ல.

படி 3: யாரோடு ஒப்பிடுவது

9 மேற்கோள் நிறையவா, குறைவா? தனியாகச் சொல்லவே முடியாது. கணிதக் கட்டுரைகளில் மேற்கோள் பட்டியல் சின்னதாக இருக்கும், மெதுவாகச் சேரும். உயிர்மருத்துவத்தில் பட்டியல் நீளம், வேகமும் அதிகம். அந்தக் குழுவிலேயே இரண்டு துறைக்காரர்களும் இருந்தார்கள், அவர்கள் எச் இன்டெக்ஸை ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைக்கச் சொன்னபோது முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நான் செய்தது இது: ஒவ்வொரு கட்டுரைக்கும் அதே ஆய்விதழில், அதே வருடம், அதே வகையில் வந்த கட்டுரைகளை இறக்கி (பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மறுஆய்வுக் கட்டுரைகளுக்கு இயல்பாகவே மேற்கோள் அதிகம், கலக்க வேண்டாம்) அவற்றின் மேற்கோள் எண்ணிக்கையின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுதினேன். 9க்குப் பக்கத்தில் 4 என்றால் நன்றாகவே போயிருக்கிறது. 18க்குப் பக்கத்தில் 25 என்றால் அப்படிச் சொல்ல முடியாது.

சராசரி போடாதீர்கள், இடைநிலைதான். ஏன் என்பதற்கு ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஆய்விதழைப் பாருங்கள். 2008இல் அதன் இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் ஒரு கட்டுரைக்குச் சராசரியாக வந்த மேற்கோள்) 2.051. 2009இல் 49.926. அந்த இதழில் திடீரென்று எல்லோரும் இருபத்து நான்கு மடங்கு நன்றாக எழுதிவிடவில்லை. படிகவியலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஷெல்எக்ஸ் நிரல்களைப் பற்றி அவற்றை உருவாக்கிய ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை, அந்த நிரலைப் பயன்படுத்திய ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டினார்கள். இம்பாக்ட் ஃபேக்டர் முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளுக்கான சராசரி என்பதால் அந்த ஒன்றே மொத்த இதழையும் தூக்கிவிட்டது. அதே இதழில் அதே வருடம் எழுதிய இன்னொருவர் விண்ணப்பத்தில் 49.926 என்று போட்டால் அவர் கட்டுரையைப் பற்றி அது எதையும் சொல்லாது. ஆய்வாளரை மதிப்பிட இதழின் எண்ணை வைக்காதீர்கள் என்று 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்வதும் இதைத்தான்.

படி 4: பத்து மேற்கோள்களையாவது படியுங்கள்

மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பத்தை எடுத்து, அந்த வரி எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். முன்னுரையில் "இதுபற்றிப் பலர் ஆராய்ந்துள்ளனர் [3–17]" என்று கூட்டத்தோடு வருகிறதா, செய்முறைப் பகுதியில் "இவர்கள் முறையைப் பின்பற்றினோம்" என்று வருகிறதா, தவறு என்று மறுக்கிறார்களா? மூன்றுக்கும் கணக்கில் ஒன்று என்றுதான் ஏறும். 1975இல் மொராவ்சிக்கும் முருகேசனும் ஃபிசிகல் ரிவ்யூ இதழின் கட்டுரைகளை எடுத்து இப்படிப் படித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வெறும் சம்பிரதாய மேற்கோள், ஏழில் ஒரு பங்கு மறுப்பு என்று கண்டார்கள். மேற்கோள் அட்டவணை (எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியல்) என்ற யோசனையை 1955இல் யூஜின் கார்ஃபீல்டு முன்வைத்தபோதும், ஒரு கட்டுரையைப் பின்னால் யார் விமர்சித்திருக்கிறார்கள் என்று தேடிப் பிடிப்பது அதன் முக்கியமான பயன்களில் ஒன்றாக இருந்தது.

42 மேற்கோள் கட்டுரைக்கு நான் இதைச் செய்தேன். பத்தில் ஏழு அதன் அளவிடும் முறையை எடுத்துப் பயன்படுத்தியிருந்தன. அறிக்கையில் 42 என்பதோடு இந்த வரியையும் சேர்த்தேன், மதிப்பீட்டுக் குழு அதிகம் கேள்வி கேட்டது அந்த வரியைப் பற்றித்தான்.

பின்சேர்க்கை 1: சுயமேற்கோளை நீக்க வேண்டாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நீக்கியும் நீக்காமலும் இரண்டு எண்ணையும் கொடுங்கள். தன் முந்தைய வேலையின் தொடர்ச்சியைச் செய்கிறவர் அதைக் குறிப்பிடாமல் எழுத முடியாது, அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. உடன் எழுதியவர்கள் காட்டும் மேற்கோளும் சுயமேற்கோள்தானா என்பதை முதலிலேயே முடிவுசெய்து அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: சிஎஸ்வியைத் திறந்தால் பெயர்களெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது என்று எழுதியவருக்கு: இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள், எக்செல்லின் டேட்டா பகுதியிலிருந்து இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

பின்சேர்க்கை 3: வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவர், தன் வேலை முழுக்க நூல்களாக இருக்கிறது, எந்தத் தளத்திலும் பாதிகூட வரவில்லை என்று எழுதியிருக்கிறார். உங்கள் துறைக்கு இந்தச் செய்முறையைப் பயன்படுத்தாதீர்கள். உங்களிடம் யாராவது எச் இன்டெக்ஸ் கேட்டால், உங்கள் நூல்களில் எத்தனை அந்தத் தளத்தில் பதிவாகியிருக்கின்றன என்று எண்ணி அந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.