சுரங்க எதிர்ப்புச் சுவரோவியம்: நிறம் உரியாமல் வரைவது எப்படி?

வெளிநாட்டு நிறுவனம் மலையைத் தோண்ட வருகிறது, எதிர்ப்பைச் சுவரில் தீட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் சுவரைத் தடவிப் பாருங்கள். இந்தப் போராட்டங்கள் வருடக்கணக்கில் நீளும். ஓவியமும் அதுவரை நிற்க வேண்டும். உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ள கணக்கு 3 மீ × 2 மீ சுவருக்கு.

1. உப்பும் ஈரமும்

பாதி ஓவியங்கள் பாழாவது இங்கேதான். புதுப் பூச்சு என்றால் 28 நாள் காயட்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கழுவாதீர்கள்: நீரில் கரைந்த உப்பு சுவருக்குள் திரும்பிப் போய், பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு மறுபடி வெளியே வரும். காய்ந்த நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். பிறகு 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். உட்பக்கம் நீர் கோத்திருந்தால் அந்தச் சுவர் இப்போதைக்கு ஆகாது.

வெளிப்புற அக்ரிலிக் பிரைமர் இரண்டு கோட், மொத்தம் 2 லிட்டர். எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட் வேண்டவே வேண்டாம். சிமென்ட்டின் காரம் அதைச் சோப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும்.

2. கட்டம்

மாதிரியை 30 × 20 செ.மீ. தாளில் வரைந்து 2 செ.மீ. கட்டங்கள் போடுங்கள், சுவரில் 20 செ.மீ. கட்டங்கள். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கலாம். சுவரில் கோடு போட, நூலில் நீலச் சாக்பொடி தடவி இழுத்துப் பிடித்துச் சுண்டிவிடுங்கள். சிவப்புப்பொடி கறை விடும்.

3. எழுத்து

30 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க 25 செ.மீ. உயரம் வேண்டும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே 10 செ.மீ. விடுங்கள். பெருவில் கோங்கா தங்கச் சுரங்கத்தை எதிர்த்தவர்களின் முழக்கம் “தண்ணீர் வேண்டும், தங்கம் வேண்டாம்”. இரண்டு வரியில் அடங்கிவிடும். அதற்கு மேல் நீட்டாதீர்கள்.

4. நிறம்

இரும்பு ஆக்சைடு நிறங்களே எங்கள் தேர்வு: காவி, செம்மண் சிவப்பு, கருப்பு. வெயிலுக்கு வெளுக்காது. ஒளிரும் நிறங்கள் சீக்கிரமே வெளிறிவிடும். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உள்ள பாறையில் காற்றும் நீரும் பட்டால் அமிலம் கசிந்து, இரும்பு ஓடையில் செம்மஞ்சளாகப் படியும். ஓவியத்தில் அந்த ஓடைக்குக் காவியே சரியான நிறம், அதுவும் துருதான்.

5. அடிப்பட்டை

தரையிலிருந்து 45 செ.மீ. வரை மழைச்சேறு தெறிக்கும், ஈரமும் ஏறும். முதலில் உரிவது அதுதான். நிறுவனத்தின் பெயரை அங்கே மட்டும் எழுதுங்கள். அர்ஜென்டினாவின் எஸ்கெல் நகரில் 2003 வாக்கெடுப்பில் 81% பேர் சுரங்கம் வேண்டாம் என்றார்கள். அப்போது திட்டம் கனடாவின் மெரிடியன் கோல்டிடம் இருந்தது. 2007இல் அந்த நிறுவனத்தையே யமானா கோல்ட் வாங்கிவிட்டது. பெயர் மாறினால் பட்டையை மட்டும் திருத்தினால் போதும். மேலே ஏரியும் மலையும் அப்படியே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: கொப்புளம்

கீறிப் பாருங்கள். பின்னால் சிமென்ட் தெரிந்தால் காரணம் ஈரம். முதல் படிக்குத் திரும்புங்கள். பிரைமர் தெரிந்தால், வெயிலில் சுட்டுக் கிடந்த சுவரில் பூசியிருக்கிறீர்கள். அந்த இடத்தை மட்டும் சுரண்டி, நிழல் விழுந்தபின் மறுபடி பூசுங்கள்.