மாட்டின் வயிற்றைத் திறந்தபின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள-தமிழ்நாடு எல்லையோரத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதித் தொழுவங்களில், புதிதாகப் பணிக்கு வரும் கால்நடை மருத்துவர்கள் பிளாஸ்டிக்கும் கம்பியும் எடுப்பதற்காகப் பசுவின் வயிற்றைத் திறப்பதையும், கன்று சிக்கிய பசுவுக்குச் சிசேரியன் செய்வதையும் அருகிலிருந்து பார்க்கிறேன். கத்தி பிடிப்பதில் அவர்களிடம் பெரிய குறையில்லை. மறுநாளிலிருந்து அவர்கள் செய்பவைதாம் எங்கள் தலைமுறையும் செய்து மாடுகளை இழந்த பிழைகள். கையுறை, கருவிகளின் சுத்தம் போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

காய்ச்சல் இல்லை என்ற ஆறுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். அறுவை முடிந்த பசு தீனி எடுக்கவில்லை என்று அழைப்பு வருகிறது, மருத்துவர் தெர்மாமீட்டரை வைக்கிறார், மாட்டுக்கு இயல்பான 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. கல்லீரல் டானிக்கும் பசிப்பொடியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு கலப்பின எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீஷியன்) பசு இப்படித்தான் போயிற்று. பிளாஸ்டிக் எடுத்த நான்காம் நாள் நான் போனபோது, "சாணியே போடலீங்க, ஆனா காய்ச்சல் இல்லீன்னு டாக்டர் சொல்லீட்டுப் போனாருங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. பசு முதுகை வளைத்து, முழங்கைகளை வெளியே தள்ளி நின்றுகொண்டிருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டியிருந்தது. வயிற்றில் ஊசியிட்டபோது கலங்கிய, நாற்றமடிக்கும் நீர் வந்தது. அதற்குமேல் எந்த மருந்தும் பயன்படவில்லை.

வயிற்றறைக்குள் கிருமி பரவினால் மாட்டின் உடல் ஃபைப்ரின் என்னும் பசைபோன்ற புரதத்தைச் சுரந்து அந்த இடத்தைச் சுற்றி அடைத்துக்கொள்கிறது. இந்தத் தற்காப்பினாலேயே, உள்ளே சீழ் பிடித்திருந்தும் உடல்வெப்பம் இயல்பாகவே இருந்துவிடலாம். இதன்மேல் மெலாக்சிகம் போன்ற வலிமருந்தும் போட்டிருந்தால், அது காய்ச்சலையும் சேர்த்துத் தணிப்பதால், தெர்மாமீட்டர் சொல்வதற்குப் பொருளே இல்லாமல் போகிறது. மறுபுறம், முதல் ஓரிரு நாளில் வரும் இலேசான காய்ச்சல் எந்தக் கேடும் இல்லாத மாட்டிலும் வரக்கூடியது. ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து இரு திசையிலும் ஏமாறலாம்.

பார்க்க வேண்டியது வயிற்றின் அசைவை. இடது விலாவுக்குப் பின்னுள்ள குழியில் மடக்கிய கையை அழுத்தி வைத்தால், நலமான மாட்டில் இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை வயிறு புரள்வது தெரியும். அறுவை நாளில் அது மந்தமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம்; மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் பொறுக்கக் கூடாது. சாணத்தின் அளவையும், அசைபோடுகிறதா என்பதையும் வீட்டாரிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தோள்மேட்டுத் தோலைக் கிள்ளிப் பிடித்தால் நலமான பசு முதுகைத் தாழ்த்தும். வயிற்றில் வலியுள்ள பசு தாழ்த்த மறுத்து முனகும். ஊசியில் எடுத்த நீரில் வெள்ளணுக்கள் கூடியிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்; வயிற்றைத் திறந்தாலே அவை கூடும். நாற்றமும் தீனித் துணுக்குகளும்தான் வலுவான சான்றுகள்.

தையலோர வீக்கம்

வீக்கத்தைக் கண்டவுடன் கத்தியால் கீறுவது இன்னும் ஓயவில்லை. அழுத்தினால் நொறுநொறுவென்று ஒலித்தால், தோலுக்கடியில் காற்று புகுந்திருக்கிறது. அது பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். மெத்தென்று, சூடும் வலியும் இன்றி இருந்தால், தசை அடுக்குகளுக்கிடையே விட்ட வெற்றிடத்தில் நிணநீர் தேங்கியிருக்கும் வாய்ப்பே அதிகம். தோலைச் சுத்தம் செய்து, தூய ஊசியால் சிறிதளவு உறிஞ்சிப் பாருங்கள். சீழ் இருந்தால் மட்டும் திறக்கலாம். கிருமியற்ற நீரைத் திறந்துவிட்டால் கிருமிக்கு வாசல் வைத்தாயிற்று. மழைக்காலமானால் ஈ முட்டையிட்டுப் புழுவும் வைத்துவிடும்.

கஞ்சி

கூடவே கூடாது. சோர்ந்த மாட்டுக்கு அரிசிக் கஞ்சி ஊற்றினால் வயிறு புளித்துவிடும். பசும்புல்லும் வைக்கோலும் போதும்.

வலிமருந்து

டைக்ளோபினாக் 2006 முதலும், கீட்டோபுரோபேனும் அசெக்ளோபினாக்கும் 2023 முதலும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டவை. செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகுகளை அவை கொல்கின்றன. பழைய குப்பிகளைப் பெட்டியில் வைத்திருக்காதீர்கள்.

பால்

ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது. எத்தனை நாள் என்று மருந்தின் உறையில் போடாவிட்டால் குறைந்தது 7 நாள்.

சீட்டு இல்லாத மாடு

எங்கள் பக்கத்தின் தனித்தொல்லை இது. மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்கு அப்பால் அறுவை செய்த மாடு, இரண்டு நாள் கழித்து இப்பால் வேறொரு மருத்துவரிடம் வந்து நிற்கிறது. கையில் ஒரு துண்டுச்சீட்டும் இருப்பதில்லை. எந்த மருந்து எத்தனை நாள் போட்டது, எந்த நூலால் எத்தனை அடுக்குத் தைத்தது, வயிற்றைத் திறந்தபோது தீனி உள்ளே சிந்தியதா என்ற மூன்றையும் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். மூன்றாவதை எழுதப் பலரும் கூசுகிறார்கள். அடுத்து வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.