60 தாண்டியவர்களின் தசை இழப்பு: வீட்டிலேயே தொடங்கும் முறை

"தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேனே, அது போதாதா?" தசை இழப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். போதாது. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் தசை வளர வேண்டுமென்றால் அது பழகிய சுமையைவிடக் கொஞ்சம் கூடுதலான சுமை வேண்டும்.

30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. 60-க்கு மேல் வேகம் கூடுகிறது. வலு அதைவிடச் சீக்கிரம் போகிறது. காரணம், முதலில் சுருங்குபவை வேக இழைகள்: சட்டென எழுவதற்கும், தடுமாறும்போது காலை ஊன்றிக்கொள்வதற்கும் உதவுபவை. மெதுநடை அவற்றிடம் அவ்வளவாக வேலை வாங்குவதில்லை. இந்த நிலை முற்றினால் மருத்துவர்கள் அதைச் சார்கோபீனியா என்கிறார்கள்.

இந்த வயதில் தசை ஏறுமா என்ற சந்தேகம் வேண்டாம். 1990-ல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு, அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்தவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தது. அவர்களின் சராசரி வயது 90. கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

படி 1: இப்போது எங்கே இருக்கிறீர்கள்?

கைப்பிடி இல்லாத, சுமார் 45 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முடிந்தவரை வேகமாக 5 முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று நேரம் பார்க்கட்டும். சார்கோபீனியாவைக் கண்டறிய 2019-ல் வந்த ஆசிய வழிகாட்டுதலின்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால், அதுவே பதில்.

நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, அடிக்கடி விழுவது, காரணமில்லாமல் எடை குறைவது: இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தச் சோதனைக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

படி 2: நாற்காலிப் பயிற்சி

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு விலகி, குதிகால்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். பலர் பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழப் பார்க்கிறார்கள், அப்படி எழவே வராது. மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கி ஒன்றையொன்று நெருங்கக் கூடாது.

இப்போது உட்காருவது. மனத்துக்குள் நான்கு எண்ணி, மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போச்சு. தசைக்கு நல்ல வேலை கிடைப்பதே இறங்கும்போதுதான்.

எழ முடியவில்லையா? இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள், அல்லது முன்னால் உறுதியான மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 8 முதல் 12 முறை ஒரு சுற்று. முதல் வாரம் ஒரு சுற்று போதும், பிறகு இரண்டு, மூன்று. வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி.

படி 3: இன்னும் மூன்று

சுவரில் கையூன்றித் தள்ளுவது மார்புக்கும் தோளுக்கும். மேசையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. எலாஸ்டிக் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுப்பது முதுகுக்கு. பட்டை விடுபட்டு முகத்தில் அடிக்காமல், நன்றாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் மேலே சொன்னதுதான்.

படி 4: சுமையைக் கூட்டுங்கள்

பெரும்பாலானோர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் அதே 10 முறை, அதே நாற்காலி. கடைசி இரண்டு முறை செய்யும்போது 'அப்பாடா' என்று இருக்க வேண்டும். 12 முறையும் அலுங்காமல் முடிகிறதென்றால் மெத்தையை எடுத்துவிடுங்கள். அடுத்தது, கைப்பிடிப்பை விடுங்கள். அதற்கும் அடுத்தது, கைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது சுமார் ஒரு கிலோ. 8 வாரம் கழித்துப் படி 1 சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.

மறுநாள் தொடையில் லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் குத்தும் வலி, தலைசுற்றல், நெஞ்சை அழுத்துவது போன்ற உணர்வு வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு அழுத்தம் சில நிமிடத்தில் அடங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 5: புரதம், வேளைக்கு வேளை

வயதான தசைக்குப் புரதம் கொஞ்சம் மந்தமாகத்தான் உறைக்கும். அதனால்தான் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற பொதுவான கணக்கு இவர்களுக்குப் போதாது என்று 2013 முதல் நிபுணர் குழுக்கள் சொல்லிவருகின்றன: உடல் எடையில் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம். 60 கிலோ எடை என்றால் நாளைக்கு 60 முதல் 72 கிராம்.

இதை ஒரே வேளையில் கொட்டிக்கொள்வதைவிட, வேளைக்கு 20 முதல் 25 கிராம் என்று பிரிப்பது நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம். 200 மி.லி. பாலில் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம். சமைத்த மீன் அல்லது கோழி 100 கிராமில் 20-க்கு மேல். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உதைப்பது காலைச் சாப்பாடுதான்: டீயும் இரண்டு துண்டு ரொட்டியும் 10 கிராமைத் தொடுவதே கஷ்டம். இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்தால் சரியாகிவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் பனீர், தயிர், சோயா, பருப்பு என்று கலந்துகொள்ளலாம். பல் இல்லாதவர்களுக்குக் கொத்திய கறி, மசித்த பருப்பு.

மொத்தச் சாப்பாடும் குறையக் கூடாது. வயிறு காய்ந்தால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும்.

டப்பா பவுடர் கட்டாயமில்லை. வாங்குவதானால் 100 கிராமில் புரதம் எத்தனை, சர்க்கரை எத்தனை என்று லேபிளைப் படியுங்கள். சில டப்பாக்களில் இனிப்புதான் அதிகம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் மருத்துவர் சொன்ன அளவு மட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

படுக்கையில் விழுந்தால்

ஆரோக்கியமான பெரியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்தபோது கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்ததாக 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே காய்ச்சலோ மருத்துவமனையோ, மருத்துவர் எழுந்திருக்கலாம் என்று சொன்ன அன்றே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, வேளைக்கு நாலைந்து முறை எழுந்து உட்காருங்கள். பசி இல்லாவிட்டாலும் முட்டை, தயிர், பால் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகட்டும். வீடு திரும்பியதும் விட்ட இடத்தில் தொடராதீர்கள். பாதி எண்ணிக்கையில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள்.