மத்தியஸ்தம் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் வழக்கு என்றால் கோயில் தலைவரிடமோ பழைய மண்டோரிடமோ (தோட்ட மேற்பார்வையாளரிடமோ) போய்ப் பழகியவர்கள் நாம். இப்போது ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கச் சங்கம் மூலம் பயிற்சி பெற்ற இளையவர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். போனை அணைப்பது, குறுக்கே பேசாதது எல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். முந்தியவர்கள் விழுந்த குழிகளிலேயே இவர்களும் விழுவதுதான் வேதனை.

தீர்ப்புச் சொல்வது

"தம்பி, உன் மேலதான் தப்பு" என்றதும் நீங்கள் மத்தியஸ்தர் இல்லை.

தனியாகக் கேட்டதைச் சாடையாகச் சொல்வது

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் அடிக்கடி வரும் வழக்கு இது. பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டினார். கூரைத் தண்ணீர் வழக்கோடு வந்தவர் சுவரில் இறங்குகிறது. எல்லார் முன்னிலையிலும் இவர் கேட்பது 6,000 ரிங்கிட். தனியாக உட்கார்ந்ததும், "கசிவு நின்னா போதும்ணே. சுவருக்கு 3,500 கொடுத்தாலும் ஒத்துக்குவேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்கிறார்.

மத்தியஸ்தர் அடுத்த அறைக்குப் போகிறார். தொகையைச் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுங்க, அவர் இறங்கி வருவார்" என்று மட்டும் சொல்கிறார், நல்லது செய்வதாக நினைத்து. 4,000 வரை தர மனதுக்குள் தயாராக இருந்தவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் 2,000இல் நின்றுகொள்கிறார். முடிந்திருக்க வேண்டிய வழக்கு! பணம் கேட்டவருக்கும் உடனே புரிந்துவிடும். அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவே மாட்டார். விஷயம் காப்பிக்கடைக்குப் போனால், அடுத்த வழக்குக்காரரும் உங்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார். இதை மன்னிப்பது கஷ்டம், ஏனென்றால் தவிர்ப்பது அவ்வளவு சுலபம்.

நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'சொல்லலாம்', வலப்பக்கம் 'சொல்லக்கூடாது'. எழுந்திருக்கும் முன், "இதில் எதை அவரிடம் சொல்லலாம்? எந்த வார்த்தையில்?" என்று கேட்டு எழுதி, வாசித்துக் காட்டுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அது வலப்பக்கம். அடுத்த அறையில் செய்தி சொல்லித் தொடங்காமல், "உங்கள் பக்கம் என்னவெல்லாம் செய்ய முடியும்?" என்று கேள்வியோடு தொடங்குங்கள். இங்கே 20 நிமிடம் என்றால் அங்கேயும் ஏறக்குறைய 20. வெளியே காத்திருப்பவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தையும் காத்துக்கொள்ளுங்கள், ஒரு புன்சிரிப்பு போதும் காட்டிக்கொடுக்க. வழக்கு முடிந்த அன்றே குறிப்பைக் கிழித்துவிடுங்கள்.

மத்தியஸ்தத்தில் பேசியதை வெளியிடக் கூடாது என்று மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் (சட்டம் 749) 15ஆவது பிரிவும் சொல்கிறது.

சொந்தக்காரர் வழக்கில் உட்காருவது

உறவை முதலிலேயே சொல்லுங்கள். ஒருவர் தயங்கினாலும் விலகுங்கள்.

வீட்டுக்குள் அடி விழும் வழக்கு

உட்காரவே கூடாது. போலீஸ் நிலையம், மருத்துவமனை.

"தீபாவளிக்குள்" என்று எழுதுவது

எந்தத் தீபாவளி என்று பிறகு சண்டை வரும். மேலே சொன்ன மத்தியஸ்தச் சட்டப்படி உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அதனால் எழுதும்போதே, ஆண்டையும் சேர்த்து, இப்படி எழுதுங்கள்: 'மார்ச் 15ஆம் தேதிக்குள் சமையலறை கட்டியவர் கூரைத் தகரத்தை மாற்றிக் கசிவை நிறுத்துவது. அதன் பிறகு வரும் முதல் பலத்த மழைக்கு மறுநாள் இருவரும் சேர்ந்து சுவரைப் பார்ப்பது. சுவர் காய்ந்திருந்தால், பார்த்த 7 நாளில் 3,500 ரிங்கிட்டை வங்கிக் கணக்கில் போடுவது. ஈரம் இருந்தால், கூரையை மாற்றிய ஆளையே மறுபடி கூப்பிடுவது; செலவு சமையலறை கட்டியவருடையது.'